ஆலை வாசலுக்கு வந்த தமிழாசிரியர்

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. தேனும் புளியும் பலாவும் கடுக்காயும் கிடைக்கின்றன. வளமான மலைதான். ஆனால் அந்த மலையிலே பிறந்தவன் ஆண்டு முழுவதும் அந்த மலையிலேயே பிழைக்க முடிகிறதா என்றால், முடியவில்லை. மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் கீழே இறங்குகிறான். காப்பித் தோட்டத்துக்குப் போகிறான், கட்டட வேலைக்குப் போகிறான், மரம் வெட்டப் போகிறான். என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை, அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்பதற்கு அவனுக்குப் பின்னால் ஆள் இல்லை. தனியாகப் போகிறான், தனியாகவே திரும்புகிறான். சில சமயம் திரும்புவதே இல்லை.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசாரின் துப்பாக்கிக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் பலியானதை நாம் மறக்க முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்து மலைப் பக்கத்தாரும், தர்மபுரி மாவட்டத்து மலைப் பக்கத்தாரும் அவர்களில் இருந்தார்கள். செத்தவர்கள் கூலிக்குப் போனவர்கள். செம்மரக் கடத்தலில் கோடி கோடியாகச் சேர்த்தவர்கள் அன்றைக்கு அந்தக் காட்டில் இல்லை.

சங்கமாகச் சேருங்கள் என்று நாம் மலைவாழ் தோழர்களிடம் சொல்லும்போது அவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. சங்கம் என்பது பெரிய ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு உரியது, படித்தவர்களுக்கு உரியது, எழுதப் படிக்கத் தெரியாத நமக்கு அது எப்படிக் கைகூடும் என்று அவர்கள் தயங்குகிறார்கள். நியாயமான சந்தேகம். இதற்கு நாம் வாதம் செய்து பதில் சொல்ல வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னாலே போதும். அவர் எழுத்தாளர், பத்திரிகாசிரியர், அரசியல்வாதி. அவர் பெயர் திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம். நாடு அறிந்த பெயர் திரு.வி.க.

பெயரில் திருவாரூர் இருந்தாலும் அவர் பிறந்தது செங்கற்பட்டு மாவட்டத்தில், போரூருக்கு அருகே உள்ள துள்ளம் என்ற சிற்றூரில். தண்டலம் என்று இன்று வழங்கும் ஊர் அது. 1883 ஆகஸ்டு 26-ஆம் தேதி பிறந்தார். தந்தை விருத்தாசல முதலியார், தாய் சின்னம்மாள். முன்னோரின் ஊர் திருவாரூர் ஆனதால் அது பெயரோடு ஒட்டிக்கொண்டது. செல்வக் குடும்பம் அல்ல. குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தது. சிறுவன் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தான். இடையிலே நோய் வந்து படிப்பைக் கெடுத்தது. மறுபடி சேர்ந்தான்.

அந்தப் பள்ளியிலே அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தவர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளை. பெரிய புலவர், பெரிய சொற்போர்க்காரர். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று அக்காலத்தில் எழுந்த சண்டை கோர்ட்டு வரை போனது. அதில் கதிரைவேற் பிள்ளை ஒரு தரப்பின் தலைவர். ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல மாணவர் கோர்ட்டுக்குப் போனார். அதனாலே பள்ளித் தேர்வு தவறிப்போயிற்று. பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. மெட்ரிகுலேஷன் கூடத் தேறாத அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் தமிழ் உரைநடைக்கே புதுவழி வகுத்தவர் என்பதைப் படிப்பில்லை என்று தயங்கும் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஆசிரியர் 1907-இல் இறந்தார். மாணவர் தாமே தேடித் தேடி இலக்கியமும் இலக்கணமும் சாத்திரமும் கற்றார்.

வயிற்றுப்பாட்டுக்கு ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கர் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரக் கம்பெனியில் மேசையும் மாதச் சம்பளமும் அந்தக் காலத்தில் சாமானியமா? ஆனால் நாட்டிலே திலகரின் கிளர்ச்சி வீசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காற்று கணக்கரின் மேசைக்கும் வந்தது. வேலையை விட்டார். பிறகு ஆயிரம் விளக்கில் வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். அதன் பின் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் ஆனார். மதிப்பான பதவி. ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருக்கலாம். அதையும் விட்டார். 1917 டிசம்பரில் தேசபக்தன் என்ற தமிழ் நாளேட்டின் ஆசிரியர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்த மாதத்தைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ரஷ்யாவில் பாட்டாளி வர்க்கம் ஆட்சியைக் கைப்பற்றியது. உலகம் முழுவதும் உழைப்பாளி தலை நிமிர்ந்து பார்த்த நேரம். இந்தியாவிலோ முதல் உலக யுத்தத்தின் பஞ்சமும் விலைவாசியும் ஏழையின் கழுத்தை நெரித்த நேரம். அந்த நேரத்தில் சென்னையில் ஒரு தமிழாசிரியர் பேனாவைக் கையில் எடுத்தார்.

அந்தப் பேனா என்ன செய்தது? அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளின் நடை பாதி வடமொழி, பாதி ஆங்கில மொழிபெயர்ப்பு. படித்தவர்களுக்காகப் படித்தவர்கள் எழுதியது. அரசியல் பேச்சு என்றாலே ஆங்கிலப் பேச்சுத்தான். காங்கிரஸ் மேடையிலே தமிழில் பேசுவது கௌரவக் குறைவு என்று கருதிய வக்கீல்கள் நிறைந்த ஊர் சென்னை. திரு.வி.க. அந்த நடையை உடைத்தார். சிறு சிறு வாக்கியங்கள். கேள்வி, உடனே பதில். பண்டிதர் மெச்சும் தமிழிலேயே பாமரனுக்கும் அரசியலைச் சொல்ல முடியும் என்று தலையங்கத்துக்குத் தலையங்கம் நிரூபித்தார். எழுதியது போலவே மேடையிலும் பேசினார். தமிழ்த் தென்றல் என்று அவருக்கு நாடு பெயரிட்டது இதனால்தான். படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டாலும் விளங்கக்கூடிய தமிழ் அது.

இப்பொழுது பெரம்பூருக்கு வருவோம். அங்கே பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் ஓடிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். விடிவதற்கு முன் வாசலுக்குள் போனால் இருட்டிய பின்தான் வெளியே வரலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குள் வரிசையில் வெளியே வந்து, கை கழுவி, தின்று, திரும்பி ஓட வேண்டும். நேரம் தவறினால் தண்டனை. அதிகாரியின் கைக்கும் காலுக்கும் பயந்து வாழ்ந்த பிழைப்பு. கேட்பதற்கு நாதியில்லை.

அந்தத் தொழிலாளர்களுக்கு இரண்டே இரண்டு பேர் ஆறுதலாக இருந்தார்கள். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு. பெரிய தலைவர்கள் அல்லர். அந்த வட்டாரத்துச் சிறு வியாபாரிகள். கடைக்கு வரும் தொழிலாளியின் கண்ணீரைத் தினம் தினம் பார்த்தவர்கள். அவர்கள் நடத்திய பக்திச் சபையிலே தொழிலாளர் வந்து கூடுவார்கள். அங்கே சமயச் சொற்பொழிவு செய்யப் போனவர்தான் திரு.வி.க. போன இடத்தில் சைவம் மட்டும் பேசவில்லை. தொழிலாளி என்பவன் யார், மேல்நாட்டிலே அவன் எப்படிச் சங்கமாகச் சேர்ந்திருக்கிறான் என்பதையும் பேசினார். பஜனை கேட்க வந்தவர்கள் சங்கத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்திய நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிய பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். வாடியா பார்சி, அவருக்குத் தமிழ் வராது. தொழிலாளிக்கு ஆங்கிலம் வராது. தொழிலாளியின் மொழியிலே பேசிச் சங்கத்தை அவன் நெஞ்சிலே ஊன்றிய பெருமை திரு.வி.க.வுக்கு உரியது. அதே ஆண்டில் அவருடைய வீட்டிலே இடி விழுந்தது. பிறந்த குழந்தைகளை ஏற்கெனவே பறிகொடுத்திருந்தார். இப்பொழுது மனைவி கமலாம்பிகையும் காசநோயால் மறைந்தார். திருமணமாகி ஆறே ஆண்டுகள். அவருக்கு வயது 35. மறுமணம் செய்துகொள்ளவில்லை. இராயப்பேட்டை வீடு வெறுமையானது; பெரம்பூர் ஆலை வாசல் அவருக்கு வீடாயிற்று.

சங்கம் ஒரே ஆலையோடு நிற்கவில்லை. டிராம் தொழிலாளர், ரயில்வே பட்டறைத் தொழிலாளர் என்று ஒவ்வொரு பகுதியாகச் சங்கம் அமைக்கக் கிளம்பினார்கள். கம்பெனி சும்மா இருக்குமா? கதவடைப்புச் செய்தது. 1920 டிசம்பரில் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அதோடு நில்லாமல் கம்பெனி ஐகோர்ட்டுக்கும் போனது. தொழிலாளரைத் தூண்டிவிட்டு ஒப்பந்தத்தை மீறச் செய்தார்கள், நஷ்டஈடு தர வேண்டும் என்று வாடியா முதலிய சங்கத் தலைவர்கள் மேல் வழக்கு. கோர்ட்டும் தடை உத்தரவு போட்டது. அன்றைய சட்டத்தின் முன்னே தொழிற்சங்கம் என்பதற்குப் பாதுகாப்பே கிடையாது. தலைவரின் சொத்தைப் பறிக்கலாம், சிறையிலும் தள்ளலாம். கடைசியில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகுவது என்ற நிபந்தனையோடு சமரசம் ஏற்பட்டது.

ஆனால் அந்த வழக்கினாலேயே ஒரு நன்மையும் விளைந்தது. சங்கம் வைத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1921-இல் மத்தியச் சட்டசபையில் என்.எம். ஜோஷி தொழிற்சங்கப் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நாட்டில் எங்கெங்கோ இருந்த தொழிலாளிக்கு அதன் பிறகு கிடைத்த உரிமைக்குப் பெரம்பூர்த் தொழிலாளி பட்டினியாலும் இரத்தத்தாலும் விலை கொடுத்திருந்தான்.

வாடியா போன பின் பாரம் திரு.வி.க.வின் தோளில் இறங்கியது. 1921-இல் பெரிய வேலைநிறுத்தம். மாதக் கணக்கில் நீடித்தது. இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நாம் மூடி மறைக்காமல் பேச வேண்டும். ஏனென்றால் இதிலேதான் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது.

தொழிலாளர் ஒரே அணியாக நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் ஏன் திரும்பினார்கள்? கையிருப்பு என்று ஒரு காசும் இல்லாதவர்கள். நாலு நாள் கூலி நின்றால் உலை ஏறாது. அதோடு, சங்கத்திலே தாங்கள் சரிசமமாக நடத்தப்படுகிறோம் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு ஏற்பட்டிருக்கவில்லை. கம்பெனி இந்த விரிசலை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. சர்க்காரும் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில் ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள் தெருவிலே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். மறுபடியும் போலீஸ் துப்பாக்கிச் சூடு, மறுபடியும் பிணங்கள். ஆறு மாதப் போராட்டம் தோற்றது.

இந்தத் தோல்விக்குத் தலைமையும் பொறுப்பு ஏற்கத்தான் வேண்டும். சேரியிலே போய் உட்கார்ந்து, அந்த மக்களின் தனிப்பட்ட குறைகளைக் கேட்டு, சங்கத்தின் நிர்வாகத்திலே அவர்களுக்கு உரிய இடம் கொடுத்து, அதன் பிறகு வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தால் கம்பெனியின் சூழ்ச்சி இவ்வளவு எளிதில் பலித்திருக்குமா? தலைவருக்கு மனத்திலே சாதி இல்லாமல் இருந்தால் போதாது. சங்கத்தின் நடைமுறையிலேயே சாதி இருக்கக்கூடாது என்பதைப் புளியந்தோப்புச் சாம்பல் நமக்குச் சொல்லுகிறது.

ஆனால் ஒன்று. தோற்ற பின் ஓடிப் போகிற தலைவர் அல்லர் அவர். கவர்னர் வெல்லிங்டன் பிரபு அவரை நேரில் அழைத்து, நாடு கடத்திவிடுவேன் என்று எச்சரித்தார். அவர் அசையவில்லை. அவருக்கு எதிர்க்கட்சியான நீதிக் கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் தலையிட்டதால் நாடு கடத்தல் நடக்காமல் போயிற்று. கொள்கையில் எதிரெதிராக நின்றவர்களிடையே அந்தக் காலத்தில் இந்தப் பண்பும் இருந்தது.

இதற்குள் பத்திரிகையும் மாறியிருந்தது. தேசபக்தனை விட்டு வெளியே வந்தார். அந்த ஆசிரியர் நாற்காலியில் வ.வே.சு. ஐயர் அமர்ந்தார். 1920 அக்டோபரில் திரு.வி.க. நவசக்தி என்ற வார இதழைத் தொடங்கினார். இருபது ஆண்டுக் காலம் அதுவே அவருடைய ஆயுதம். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி பத்திரிகைத் தொழில் பழகியது அங்கேதான். வைக்கத்தில் தீண்டாமையை எதிர்த்துப் போராடிச் சிறை சென்ற ஈ.வெ. ராமசாமியை வைக்கம் வீரர் என்று வாழ்த்தியதும் நவசக்திதான்.

அதே ஈ.வெ.ரா.வோடு மோத வேண்டிய நாளும் வந்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ் மாகாணக் காங்கிரஸ் மாநாடு. தலைவர் திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று ஈ.வெ.ரா. தீர்மானம் கொண்டுவந்தார். தலைவர் அதை அனுமதிக்கவில்லை. ஈ.வெ.ரா. மாநாட்டை விட்டு வெளியேறினார். காங்கிரசை விட்டும் வெளியேறினார். அதன் பின் தமிழ்நாட்டு அரசியல் வேறு பாதையிலே திரும்பியது. ஒடுக்கப்பட்டவன் தனக்கு உரிய பங்கைக் கேட்டபோது சட்ட விதியைக் காட்டிக் கதவைச் சாத்தியது சரியா என்று நாம் கேட்கிறோம். சரி அல்ல என்றே சொல்லுகிறோம். நாட்டு ஒற்றுமை உடைந்துவிடும் என்று அவர் உண்மையாகவே அஞ்சினார். ஆனால் பங்கு கொடுக்காமல் வைத்திருந்த ஒற்றுமை எத்தனை நாள் நிற்கும்? 1921-இல் பெரம்பூர் கற்றுக்கொடுத்ததை 1925-இல் காஞ்சிபுரத்தில் அவர் மறந்துவிட்டார்.

இருவருக்கும் இடையே கடுமையான சொற்போர் நடந்தது. ஒருவர் கடவுளை மறுத்தவர், மற்றவர் திருநீறு பூசியவர். ஆயினும் பகை இல்லை. நட்பு கடைசி வரை இருந்தது.

திரு.வி.க. நம் கட்சிக்காரர் அல்லர். காந்தியடிகளிடம் பக்தி கொண்டவர். காந்தியத்தையும் மார்க்சியத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடலாம் என்று நம்பியவர். பொதுவுடைமைக்கு ஆன்மிகத்தை அடிப்படையாக்கப் பார்த்தார். இதிலே நமக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் பொதுவுடைமை என்ற சொல்லைக் கேட்டாலே போலீஸ் கதவைத் தட்டிய காலத்தில் அது தீய சொல் அல்ல, மனித குலம் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று தம் வாசகர்களிடம் துணிந்து சொன்ன சைவப் பெரியார் அவர்.

ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். மனித வாழ்க்கையும் காந்தியடிகளும், முருகன் அல்லது அழகு, பொதுமை வேட்டல் என்று பட்டியல் நீளும். 1927-இல் வந்த பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை என்ற நூல் தமிழ் வீடுகளிலே புகுந்து வேலை செய்தது. பெண்ணுக்குக் கல்வி வேண்டும், சொத்துரிமை வேண்டும், கைம்பெண்ணுக்கு வாழ்வு வேண்டும் என்று சொன்னால் சமயம் கெட்டுப்போகும் என்று கூச்சலிட்டவர்களுக்கு, சமயம் அறிந்தவரே பதில் சொன்னார். 1944-இல் வந்த வாழ்க்கைக் குறிப்புகள் அவருடைய தன்வரலாறு. அக்காலத் தமிழ்நாட்டின் அரசியலையும் தொழிலாளர் இயக்கத்தையும் அறிய விரும்புகிறவன் அதைத் தொடாமல் போக முடியாது.

இவ்வளவு எழுதியவர், இவ்வளவு பேசியவர், பதவி எதையாவது பிடித்தாரா? மாகாணக் காங்கிரசின் தலைவராக இருந்தார். அது இயக்கப் பொறுப்பு. மந்திரி ஆகவில்லை. அவரோடு மேடையில் நின்றவர்கள் கோட்டைக்குள் போனார்கள். அவர் இராயப்பேட்டையிலே அண்ணன் உலகநாதர் நடத்திய சாது அச்சுக்கூடத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தார்.

கடைசிச் சோதனை 1947-இல் வந்தது. அதே பின்னி ஆலைகளில் மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம்; மார்ச்சில் தொடங்கிச் சுமார் 100 நாட்கள் நடந்தது. இப்பொழுது மாகாணத்தை ஆண்டது வெள்ளைக்கார கவர்னரின் ஆலோசகர்கள் அல்லர், காங்கிரஸ் மந்திரிசபை. இளமை முதல் அவர் எந்தக் கொடியைத் தூக்கிப் பிடித்தாரோ அந்தக் கொடியின் ஆட்சி. வயது 64-ஐ நெருங்கிய முதியவர், கண் பார்வை மங்கியவர், தொழிலாளியின் பக்கம் நின்றார். ஆட்சியாளர் அவரை வீட்டுக்குள்ளேயே சிறை வைத்தார்கள். வெள்ளைக்காரன் நாடு கடத்துவேன் என்று மிரட்டியதோடு நின்றான். சொந்தக் கட்சிக்காரர்கள் வாசலில் காவல் போட்டே விட்டார்கள். நாட்டுக்கு விடுதலை கிடைத்த ஆண்டிலே நாட்டு விடுதலைக்கு எழுதியவர் வீட்டுக் கைதி.

இதிலே ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கொடியின் நிறம் மாறினாலும் ஆலையின் உரிமை மாறவில்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஆட்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத் தொழிலாளி கொடியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஆலை வாசலில் நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். திரு.வி.க. ஆலை வாசலில் நின்று பார்த்தார்.

பார்வை முழுவதும் போயிற்று. படுக்கையில் விழுந்தார். அப்பொழுதும் விடவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். முதுமை உளறல், படுக்கைப் பிதற்றல் என்று அந்தக் கடைசிக் காலத்துச் செய்யுள் நூல்களுக்குத் தாமே கேலியாகப் பெயர் வைத்தார். 1953 செப்டம்பர் 17-ஆம் தேதி, எழுபதாம் வயதில் மறைந்தார்.

இப்பொழுது அவர் பெயரில் நகர் இருக்கிறது, சட்டமன்றத் தொகுதி இருக்கிறது, கிண்டியில் தொழிற்பேட்டை இருக்கிறது, தமிழ்நாட்டு அரசின் விருது இருக்கிறது. பின்னி ஆலையோ 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்திலே அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பின. பெயர்ப் பலகை போதுமா? அவர் எதற்காகப் பாடுபட்டாரோ அது என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டாமா?

பெரம்பூர்த் தொழிலாளியின் தியாகத்தில் பிறந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, அதன் இடத்தில் வைப்பதற்காக 2020-இல் நாடாளுமன்றத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நிறைவேறியது. எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் என்று அது சொல்லுகிறது. 2024-இல், திரு.வி.க. பிறந்த ஊருக்கு மேற்கே, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய முதன்மையான கோரிக்கை என்ன? தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. 1918-இல் கேட்டதை 2024-இலும் தெருவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

இனி ஜவ்வாது மலைத் தோழர்களின் சந்தேகத்துக்கு வருவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கம் கைகூடுமா? 1918-இல் பெரம்பூரில் கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்களுக்கு முன்மாதிரி கிடையாது, சட்டப் பாதுகாப்பும் கிடையாது. பஜனைக்குக் கூடிய இடத்திலே சங்கத்துக்குக் கூடினார்கள், அவ்வளவுதான். ஜமுனாமரத்தூர்ச் சந்தையிலும், ஊர்க் கோயில் திருவிழாவிலும், வேலைக்குப் புறப்படும் லாரி நிற்கும் இடத்திலும் மலைவாழ் தோழர்கள் கூடத்தான் கூடுகிறார்கள். கூடுகிற இடத்தைச் சங்கம் ஆக்கச் செல்வபதி செட்டியார் போல, இராமாநுஜலு நாயுடு போல இரண்டு பேர் கிளம்பினால் ஆரம்பத்துக்குப் போதும்.

அப்படிக் கிளம்புகிற கட்சி ஊழியர்களுக்குத் திரு.வி.க.வின் வாழ்க்கை சில வேலைகளை விட்டுச் சென்றிருக்கிறது. மலைக்குப் போகிற தோழர் மேடைத் தமிழை அடிவாரத்தில் இறக்கி வைத்துவிட்டு, மலையில் பேசும் பேச்சிலே பேசக் கற்க வேண்டும். இந்தப் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படித்துப் பத்துப் பேர் கேட்கும் வழக்கத்தை ஊருக்கு ஊர் ஏற்படுத்த வேண்டும். மேஸ்திரி எந்த ஊருக்கு எத்தனை பேரை அழைத்துப் போகிறான், என்ன கூலி பேசினான் என்பதைச் சங்க நோட்டில் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். எங்கே போனான் என்று கேட்க ஒரு சங்கம் இருக்கிறது என்று தெரிந்தால், தொழிலாளியை ஏமாற்றுகிறவனும் சுடுகிறவனும் ஒருமுறை யோசிப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையான் என்றும் கீழ்நாட்டான் என்றும், இந்தச் சாதி என்றும் அந்தச் சாதி என்றும் பிரிந்து நின்று இன்னொரு புளியந்தோப்புக்கு இடம் கொடுத்துவிடக்கூடாது. நிர்வாகக் குழுவில் மலைவாழ் தோழனும் சேரித் தோழனும் பெண் தோழரும் முதல் நாளே இடம் பெற வேண்டும்.

கணக்கர் மேசையை விட்டு, கல்லூரி நாற்காலியை விட்டு, ஒரு தமிழாசிரியர் ஆலை வாசலுக்கு நடந்து வந்தார். இராயப்பேட்டையிலிருந்து பெரம்பூர் அந்தக் காலத்தில் தூரம்தான். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் நமக்கு அதைவிடத் தூரமா?